பாயிங்க் புது டாஸ்க் வாங்க மறுத்தால்...

என் பழைய லேப்டாப்பில் பாயிங்க் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் பயன்படுத்தாத நேரத்தில் கணினியின் உழைப்பை ஆராய்ச்சிக்குக் கொடுக்க உதவும் மென்பொருள் இது. நான் சேர்ந்திருப்பது ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில். 2010-ல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் தரவிலிருந்து தன்னார்வலர்களின் கணினிகள் ஒரு புதிய பல்சாரைக் கண்டுபிடித்தது இந்தத் திட்டத்தில்தான்.

போன வாரம் ஒருநாள் கவனித்தேன், லேப்டாப்பில் ஃபேன் சத்தமே இல்லை. ஆறு நாளா சும்மா கிடந்திருக்கு! 'அப்டேட்' பட்டனை அழுத்தினேன். சர்வரோடு பேசியது, வெறுங்கையோடு திரும்பியது. சரி, 'ரீசெட் ப்ராஜெக்ட்' அழுத்திப் பார்ப்போம் என்று கை போனது. நல்லவேளை, அழுத்தவில்லை. ரீசெட் செய்தால் கையிலிருக்கும் டாஸ்க் எல்லாம் போய்விடும், பாதி முடிந்தவையும் சேர்த்து.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சர்வர் தானாக வேலை அனுப்பாது. நம் கணினியில் இருக்கும் கிளையன்ட்தான் "இத்தனை விநாடிக்கு வேலை வேணும்" என்று கேட்க வேண்டும். ஆக, முதல் கேள்வி இதுதான்: கேட்டும் கிடைக்கலையா, இல்லை கேட்கவே இல்லையா? பதில் ஈவென்ட் லாகில் இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால், திட்டத்திடம் அப்போது வேலை இல்லாமல் இருக்கலாம். அல்லது பாயிங்க்குக்கு நாம் ஒதுக்கிய டிஸ்க், மெமரி போதாமல் இருக்கலாம். முதலாவதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவதை செட்டிங்ஸில் கூட்டிவிடலாம்.

கேட்கவே இல்லை என்றால், காரணம் நம் பக்கம். எப்போதோ 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்தி மறந்திருப்போம். கையிருப்பு ஏற்கனவே நிறைந்திருக்கும். முடித்த டாஸ்க்குகள் அப்லோட் ஆகாமல் குவிந்திருக்கும். இதிலும் பிடிபடவில்லை என்றால், ஈவென்ட் லாக் ஆப்ஷன்ஸில் 'வொர்க் ஃபெட்ச் டீபக்' குறியைப் போட்டால் கிளையன்ட் தன் கணக்கை விலாவாரியாக எழுதும்.

என் லாகில் இருந்த காரணம் வேறு. மேனேஜர் வழியாக ஒரு டாஸ்க் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் புது டாஸ்க் கேட்கவில்லை என்றது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு ராத்திரி ஃபேன் சத்தம் தாங்காமல், ஓடிக்கொண்டிருந்த நாலில் ஒன்றை 'சஸ்பெண்ட்' செய்தேன். மற்ற மூன்றும் முடிந்துபோயின, இது மட்டும் அப்படியே நின்றது. ஒரு திட்டத்தின் டாஸ்க் ஒன்றை நாமே நிறுத்தி வைத்தால், அந்தத் திட்டத்திடம் பாயிங்க் புதுசா வேலை கேட்காது.

நஷ்டம் எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. முடிவைச் சரிபார்க்க, ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்கு அனுப்புவது இதுபோன்ற திட்டங்களில் வழக்கம். என் டாஸ்க்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகம் தெரியாத இன்னொருவரின் கணினி எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தது. கெடுவுக்கு இன்னும் இரண்டே நாள். தவறினால் அதே வேலை மூன்றாவது கணினிக்குப் போகும். ரீசெட் அழுத்தியிருந்தாலும் அதே கதிதான்.

'ரெஸ்யூம்' அழுத்தினேன். ஐந்து மணி நேரத்தில் முடிந்து போய்ச் சேர்ந்தது. அதற்குள் புது டாஸ்க்குகளும் வந்திருந்தன. இப்போது ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்றால், தனி டாஸ்க்கில் கை வைக்காமல் சிபியூ பயன்பாட்டு அளவைக் குறைத்துவிடுகிறேன்.