வான் பிடிக்க முன் ஒழுங்கையை அளந்து பாருங்கள்

பெரியம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கனடாவிலும் சுவிஸிலும் இருந்து சொந்தங்கள் 19 பேர் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஒன்றாகப் போய் வர வேண்டும் என்று ஒரு கோஸ்டர் மினி பஸ் பேசினோம். பிரதான வீதியில் அது அலுங்காமல் ஓடியது. பெரியம்மா வீட்டு ஒழுங்கையின் இரண்டாவது முடக்கில் நின்றுவிட்டது. முன் பம்பருக்கும் எதிர் மதிலுக்கும் இடையில் ஒரு சாண். உட்பக்கப் பின்சில்லு மதில் மூலையை உரசிக்கொண்டு நிற்கிறது.

“இனி இதுக்கை திருப்பேலாது அண்ணை, பின்னுக்குத்தான் எடுக்க வேணும்” என்றார் டிரைவர். இரண்டு பேர் பின்னால் நின்று கைகாட்ட, பிள்ளைகளை இறக்கி ஓரமாக விட்டு, வந்த வழியெல்லாம் றிவேர்ஸில் போனோம். அதற்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. பெரியம்மா படலையில் காத்து நின்றபடியே இருந்தார்.

டிரைவரில் பிழை இல்லை. ஆட்களை எண்ணி வாகனம் பேசிய எங்களில்தான் பிழை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆட்களின் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம். வாகனம் போய் நிற்கப்போகும் கடைசி நூறு யார் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கைகள் மாட்டுவண்டிக்கும் நடைக்கும் அமைந்தவை. காணி எல்லை எங்கே திரும்பியதோ அங்கே ஒழுங்கையும் திரும்பியது. அதனால் நேர்க்கோணத்தில் ஒடியும் முடக்குகள் அதிகம். முன்பு இரு பக்கமும் கிளுவை வேலியும் பூவரசும் நின்றன. வாகனம் கொஞ்சம் நெருங்கினாலும் பக்கக் கண்ணாடி இலையை உரசிக்கொண்டு போய்விடும். இன்று அந்த வேலிகள் இருந்த இடத்தில் சீமெந்து மதிலும் இரும்புக் கேற்றும் நிற்கின்றன. ஒழுங்கையின் அகலம் மாறாவிட்டாலும் விட்டுக்கொடுக்கும் தன்மை போய்விட்டது.

வாகனங்களின் அளவைப் பாருங்கள். கே.டி.எச். என்று நாங்கள் சொல்லும் ஹையேஸ் வானின் சாதாரண உடல் ஏறத்தாழ 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம். அதன் கூரை உயர்ந்த நீள வகை ஏறத்தாழ 5.4 மீற்றர் நீளம், 1.9 மீற்றர் அகலம். கோஸ்டர் 7 மீற்றர் வரை நீளும், அகலம் 2 மீற்றரைத் தாண்டும். இந்த அளவுகளில் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை. இரண்டையும் விரித்தால் இன்னும் ஓரடிக்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

அகலத்தை விட நீளந்தான் முடக்கில் ஆளை மாட்டிவிடும். திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வருவதில்லை, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் உள்ள இடைவெளி கூடக்கூட அந்த வெட்டும் கூடும். சின்ன ஹையேஸில் அந்த இடைவெளி ஏறத்தாழ 2.6 மீற்றர், கோஸ்டரில் 4 மீற்றருக்குக் கிட்ட. முன்சில்லு 6.5 மீற்றர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், சின்ன வானின் பின்சில்லு அரை மீற்றர் உள்ளே வெட்டும், கோஸ்டரின் பின்சில்லு 1.3 மீற்றர் உள்ளே வெட்டும். பெரியம்மா வீட்டு முடக்கில் எங்களுக்கு இல்லாமற்போனது அந்த இடந்தான்.

ஆகவே பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால், ஒரு பெரிய வாகனத்தை விட இரண்டு சின்ன வான்களே குடாநாட்டுக்கு ஏற்றவை என்பது என் முடிவு. செலவு சற்றுக் கூடலாம். ஆனால் வயதானவர்களை வாசலில் இறக்கலாம், பிள்ளைகள் களைத்தால் ஒரு வான் முன்னதாகத் திரும்பலாம். ஒன்றாகப் போகும் சந்தோசம்தான் வேண்டும் என்றால் பெரிய வாகனத்தைக் கோயில் வீதியிலோ சந்தியிலோ நிறுத்திவிட்டு, உள்ளே ஓட்டோவில் போங்கள்.

மாரி காலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். வலிகாமத்துச் செம்மண் மழையில் ஊறினால் கொங்கிறீற் ஓரத்தை விட்டு இறங்கிய சில்லு புதைந்துவிடும். எதிரே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தால் பாரம் கூடிய வானை ஓரத்துக்கு இறக்காமல், அகலமான கேற் வாசல் வரை பின்னுக்கு எடுப்பதே நல்லது. கூரையில் பெட்டி கட்டியிருந்தால் தாழ்வாகத் தொங்கும் வயர்களையும் பாருங்கள். பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரங்களிலும் பின்னேர ரியூசன் நேரத்திலும் ஒழுங்கைகள் சைக்கிள் பிள்ளைகளுக்கு உரியவை. அந்த வேளைகளில் பயணத்தை வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து வருவோர் தாங்களே ஓட்டலாம் என்று நினைப்பதுண்டு. வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் இங்கே போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அங்கீகாரமோ தற்காலிக அனுமதியோ பெற வேண்டும். டிரைவர் உட்பட 9 இருக்கைக்கு மேற்பட்ட வானுக்குக் கார் லைசன்ஸும் செல்லாது, டி1 வகுப்பு வேண்டும். ஊர் டிரைவரோடு வாகனம் எடுப்பதே புத்தி. எந்த முடக்கில் எந்த வாகனம் திரும்பும் என்பது அவர் கையில் இருக்கும் கணக்கு.

பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: நாள் வாடகையில் எத்தனை கிலோமீற்றர் அடக்கம், டிரைவரின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கு எடுக்கப்பட்டதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

தூரங்கள் சின்னவை. யாழ்ப்பாண நகரில் இருந்து பருத்தித்துறைக்கும் சரி, குறிகட்டுவானுக்கும் சரி, 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நேரத்தைத் தூரத்தால் கணக்குப் பார்க்காதீர்கள். புங்குடுதீவுக்குப் போகும் கடல் தாம்போதி ஒடுக்கமானது, எதிரே பஸ் வந்தால் பொறுத்து நிற்க வேண்டும். குறிகட்டுவானில் வானை விட்டுவிட்டுத்தான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏற வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், நடக்கமுடியாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே வழி பாருங்கள்.

வான் பேசுமுன், ஊரில் இருக்கும் ஒருவரைக் கொண்டு உங்கள் வீட்டு ஒழுங்கையின் மிக ஒடுக்கமான இடத்தை நாடா பிடித்து அளக்கச் சொல்லுங்கள். முடக்கைப் படம் எடுத்து டிரைவருக்கு அனுப்புங்கள். “இதுக்கை வரும்” என்று அவர் சொன்ன பிறகு முற்பணம் கொடுங்கள்.