கூட்டாளிக்குக் கொடுத்த தொகுதி

வேட்பாளர் வாசல் – 9
திருச்சி, ஸ்ரீரங்கம்

1956 மே மாதம். திருச்சியில் தி.மு.க.வின் மாநில மாநாடு. தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்ற கேள்விக்கு மேடையில் இருந்தவர்கள் மட்டும் பதில் சொல்லவில்லை. வந்திருந்தவர்களையே பெட்டியில் வாக்குப் போடச் சொன்னார்கள். நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். மறு ஆண்டே கட்சி களமிறங்கியது. திருக்குவளைக்காரரான கருணாநிதி, அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலையில் நின்று முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனார்.

தேர்தல் பாதைக்குக் கட்சி திரும்பிய இந்த ஊரிலிருந்து உதயசூரியன் சின்னத்தில் வென்று மக்களவைக்குப் போனவர் எத்தனை பேர் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே ஒருவர்தான்: 1980-ல் என். செல்வராஜ். சட்டமன்றத் தொகுதிகளில் அன்பில் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது, கே.என். நேரு 1989-ல் லால்குடியில் தொடங்கியவர், இன்றும் மாவட்டத்தின் முகம். ஆனால் டெல்லிக்கான இடத்தைப் பெரும்பாலும் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுப்பதே வழக்கம். அதனால்தான் திருச்சியின் எம்.பி. பட்டியலில் இத்தனை கட்சிகள், இத்தனை வெளியூர்க்காரர்கள்.

பொன்மலையின் ஆள்

இந்தப் பட்டியலில் முதலில் சொல்ல வேண்டியவர் கே. ஆனந்த நம்பியார். 1928-ல் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அதோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களும் வந்தன. நம்பியாரின் பலம் அவர்களின் தொழிற்சங்கம். 1946-ல் ரயில்வே தொழிலாளர் தொகுதியிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அதே ஆண்டு செப்டம்பர் 5-ல் பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். செப்டம்பர் 5 அங்கே இன்றும் தியாகிகள் தினம்தான்.

முதல் மக்களவைக்கு மாயவரத்திலிருந்து போனவர், 1962-ல் திருச்சியில் வென்றார். பதவியில் இருக்கும்போதே இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் காவலில் வைக்கப்பட்டார். அவரும் புதுக்கோட்டை எம்.பி. ஆர். உமாநாத்தும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மக்களவை உறுப்பினர் என்பதற்காகத் தடுப்புக் காவலிலிருந்து விலக்குக் கிடையாது என்று 1965-ல் தீர்ப்பு வந்தது. சட்ட மாணவர்கள் நம்பியார் பெயரை இன்றும் அந்த வழக்கால் அறிவார்கள். வழக்கில் தோற்றவரை 1967-ல் திருச்சி மறுபடி ஜெயிக்க வைத்தது. அடுத்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். கல்யாணசுந்தரம். 1971-ல் தி.மு.க. அணியில் வென்றார், 1977-ல் அ.தி.மு.க. அணியில் நின்றும் வென்றார்.

அணி மாறியும் வென்றவர், பொதுத் தொகுதியில் வென்றவர்

இடையில் உள்ளூர்க்காரர் ஒருவர் கோலோச்சினார். எல். அடைக்கலராஜ், காங்கிரசிலும் பிறகு த.மா.கா.விலுமாக 1984 முதல் 1996 வரை நான்கு தேர்தல்களில் வென்றார். அந்தத் தொடரை 1998-ல் முடித்துவைத்தவர் ரங்கராஜன் குமாரமங்கலம். சேலத்துக்காரர், காங்கிரசில் மூன்று முறை எம்.பி.யாக இருந்துவிட்டு பா.ஜ.க.வுக்கு வந்தவர். 1998-ல் அ.தி.மு.க. துணையோடும், மறு ஆண்டே தி.மு.க. துணையோடும் இரண்டு தேர்தலிலும் வென்றார். கல்யாணசுந்தரம் ஆறு வருஷத்தில் செய்ததை இவர் ஒன்றரை வருஷத்தில் செய்துவிட்டார். மத்திய மின்துறை அமைச்சராக இருந்தபோதே 2000 ஆகஸ்டில் காலமானார்.

2001 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. நிறுத்தியது தலித் எழில்மலையை. முன்பு பா.ம.க. சார்பில் சிதம்பரம் தனித் தொகுதியில் வென்று மத்திய இணை அமைச்சராக இருந்தவர். திருச்சி பொதுத் தொகுதி. பெயரிலேயே ‘தலித்’ என்று போட்டுக்கொண்ட ஒருவரைப் பொதுத் தொகுதியில் நிறுத்த நம் கட்சிகள் லேசில் துணிவதில்லை. எதிரே பா.ஜ.க.வின் சுகுமாரன் நம்பியார், நடிகர் எம்.என். நம்பியாரின் மகன். எழில்மலை ஜெயித்தார். அன்று மாநிலம் முழுக்க அ.தி.மு.க. அலை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அலையில் யாரை ஏற்றிவிடுவது என்று ஒரு கட்சி எடுத்த முடிவு அது.

பிறகு 2004-ல் ம.தி.மு.க.வின் எல். கணேசன், 2019-ல் காங்கிரசின் திருநாவுக்கரசர். 2024-ல் அதே ம.தி.மு.க.வின் துரை வைகோ. கட்சியின் பம்பரம் சின்னம் கிடைக்காமல், ஊருக்குப் பழக்கமில்லாத தீப்பெட்டிச் சின்னத்தில் நின்றும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். மாறாக, 2009-ல் திருச்சியின் மேயராக இருந்து எல்லோருக்கும் தெரிந்த முகமான சாருபாலா தொண்டைமான், அ.தி.மு.க.வின் ப. குமாரிடம் நாலாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். தெரிந்த முகத்தைவிடக் கூட்டணிக் கணக்கே இங்கே கனம்.

பூர்வீகம் சொல்லி வந்தவர்

கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் கதை வேறு. 2011-ல் ஸ்ரீரங்கத்துக்கு வந்த ஜெயலலிதா தம்மை வெளியூர்க்காரராகச் சொல்லிக்கொள்ளவில்லை. பூர்வீகம் இதுதான் என்றார். பிறந்தது மேல்கோட்டையில். ராமானுஜர் போய்த் திரும்பிய வழி என்பதால் வைணவ வீதிகளுக்கு அந்த ஊர் அந்நியமல்ல. ஆனால் தொகுதி வீதிகளோடு முடிவதில்லை. அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியக் கிராமங்களும் சேர்ந்ததுதான் அது. அங்கெல்லாம் பூர்வீகத்தைவிட முதல்வர் தொகுதி என்ற எண்ணமே எடுபட்டது. 41,848 வாக்கு வித்தியாசம். நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பள்ளி, சேதுராப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரி, யாத்ரீகர்களுக்கு யாத்ரி நிவாஸ் என்று மூன்றே ஆண்டில் பலன் தெரிந்தது.

2014 செப்டம்பர் 27-ல் சொத்துக் குவிப்பு வழக்கின் பெங்களூரு தீர்ப்பால் ஜெயலலிதாவின் பதவி போனது. 2015 பிப்ரவரி இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் எஸ். வளர்மதி 96,516 வித்தியாசத்தில் வென்றார். மறு ஆண்டு பொதுத்தேர்தலில் அதே வளர்மதிக்கு அது 14,409 ஆகச் சுருங்கியது. 2021-ல் தொகுதியே தி.மு.க.வின் பழனியாண்டிக்குப் போய்விட்டது. ஆளுங்கட்சியின் மொத்தப் படையும் முகாமிடும் இடைத்தேர்தல் கணக்கை வேட்பாளரின் சொந்தச் செல்வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெளியூர்க்காரர் என்பது குறையல்ல. ரயில்வேயும் பெல் ஆலையும் பல ஊர் மக்களைக் கொண்டுவந்து சேர்த்த திருச்சிக்கு அந்தக் கேள்வி எழுவதுமில்லை. கேட்க வேண்டியது வேறு. ஆனந்த நம்பியாருக்குப் பின்னால் பொன்மலைத் தொழிலாளர் இருந்தார்கள்; அவர் எதை மறந்தாலும் அவர்கள் நினைவுபடுத்துவார்கள். கூட்டணிப் பேச்சில் ஒதுக்கீடாகக் கிடைத்த தொகுதிக்கு வருகிறவருக்கு நினைவுபடுத்த யார் இருக்கிறார்கள்? தலைமைக்குக் கடன்பட்டு வருகிறவர், தலைமைக்கே பதில் சொல்வார். அதை மாற்ற வேண்டுமானால் வாக்குக் கேட்டு வரும்போதே ஊர் தன் கோரிக்கையை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த தேர்தலில் அதையே எடுத்துக் கணக்குக் கேட்க வேண்டும்.

(தொடரும்)