சுயவிவரத்தில் முளைத்த மொழி

இணையதளம் கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் தினமும் எழுதும் பிஎச்பி மொழியை எந்தப் பெரிய நிறுவனமும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்ற நிரலாளர் தன் சுயவிவரத்தை இணையத்தில் போட்டிருந்தார். அதை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். தொடக்கம் அவ்வளவுதான். 1995 ஜூனில் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டதும் சர்வரில் பிஎச்பி ஓடும். தரவுதளத்தில் வேண்டியதை எடுத்து, அந்த நொடியிலேயே பக்கத்தை உருவாக்கி அனுப்பும். ஒரே முகவரி ஆளுக்கு ஆள் வேறு பக்கம் காட்டுவது இப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1997. இஸ்ரேலின் டெக்னியான் மாணவர்கள் ஆண்டி குட்மன்ஸ், ஸேவ் சுராஸ்கி இருவரும் இணைய வணிகம் பற்றிய பல்கலைக்கழக புராஜெக்டுக்கு பிஎச்பியை எடுத்தார்கள். அதன் திறன் போதவில்லை. விட்டுவிட்டு வேறு கருவி தேடாமல், மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் உட்பகுதியையே புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புராஜெக்ட் யோசனை கேட்டு வரும் இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். லெர்டார்ஃபும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1998 ஜூனில் பிஎச்பி 3 வந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும், வேர்ட்பிரஸும் இந்த மொழியில் எழுதப்பட்டவை.