கேட்கக் கற்றுத் தந்த கம்ப்யூட்டர்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "லெட்டர் டைப் செய்வது, படம் பார்ப்பது தவிர இதில் வேறு என்ன செய்யலாம்?" என்பதுதான். நான் என் கம்ப்யூட்டரை வைத்து கிட்டார் கற்றுக்கொண்டேன். அதுவும் 54 வயதில். எப்படி என்று சொல்கிறேன். உங்களில் சிலருக்காவது பயன்படும்.

என் அண்ணன் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். உடன் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவரிடம் கிட்டார் கற்றுக்கொண்டார். பீட்டில்ஸ் குழு என்றால் அவருக்கு உயிர். அவர் 2009-ல் காலமானார். எங்களிடம் மிஞ்சியது அவருடைய கிட்டாரும், 1986-ல் வீட்டில் அவரே பதிவு செய்த ஒரு கேசட்டும்தான். அந்தக் கேசட்டில் முதலில் இரண்டு வரி பேசுவார். பிறகு 'யெஸ்டர்டே' பாடலை கிட்டாரில் வாசித்துப் பாடுவார்.

அந்தப் பாட்டை அண்ணன் வாசித்தது போலவே வாசித்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்டர்நெட்டில் கார்டு எழுதிய தாள் ஒன்று கிடைத்தது. கிட்டாரைச் சரியாக டியூன் செய்து, கேசட்டை ஓட விட்டு, கூடவே வாசித்தேன். துளியும் சேரவில்லை. கேசட்டுக்கு ஏற்ப கம்பிகளை முறுக்கிப் பார்த்தேன். முதல் கம்பி பட்டென்று அறுந்ததுதான் மிச்சம்.

முதலில் காப்பி எடுங்கள்

அடுத்த தவறு இன்னும் பெரியது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்காக கேசட்டை நூறு முறையாவது ரீவைண்ட் செய்திருப்பேன். ஒருநாள் பிளேயர் டேப்பை இழுத்து மென்றுவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்தேன். ஆனால் பாட்டின் முடிவில் சில நொடிகள் கசங்கிப் போய்விட்டன. இன்று அந்த இடத்தில் இரைச்சல் மட்டுமே கேட்கும்.

அன்றே கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டும். உங்களிடமும் இப்படி ஒரு கேசட் இருந்தால் இந்த வழியில் மாற்றுங்கள்.

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும். 2000-ம் ஆண்டு வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

டேப் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஆடியோ வயரை எடுத்து, கம்ப்யூட்டரின் லைன் இன் துளையில் செருகுங்கள். டெஸ்க்டாப்பில் இது வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும். பக்கத்தில் உள்ள இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. அதில் செருகினால் ஒலி கரகரக்கும். பல லேப்டாப்களில் லைன் இன் இருக்காது. லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

சிவப்பு வட்டமுள்ள ரெக்கார்டு பட்டனைத் தட்டி, பிறகு கேசட்டை ஓட விடுங்கள். ஒலி அளவு காட்டும் பட்டை, உச்சத்தில் மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கும்படி பிளேயரின் வால்யூமைத் திருப்பி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதைந்துவிடும். அதைப் பிறகு சரி செய்ய முடியாது.

முடிந்ததும் சேவ் செய்தால் மட்டும் போதாது. சேவ் கொடுத்தால் ஆடாசிட்டியில் மட்டும் திறக்கக்கூடிய புராஜெக்ட் பைல்தான் கிடைக்கும். எக்ஸ்போர்ட் கொடுத்து வேவ் பைலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோவாக வைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். இந்த மூல பைலைத் தொடவே கூடாது. பென் டிரைவில் ஒரு காப்பி, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி வைத்துவிட்டு, மூன்றாவது காப்பியில்தான் நம் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

ஏன் சேரவில்லை?

இப்போது என் புதிருக்கு வருவோம். அதில் இரண்டு முடிச்சுகள் இருந்தன.

முதல் முடிச்சு பாட்டிலேயே இருக்கிறது. 'யெஸ்டர்டே' லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் 1965 ஜூன் 14-ல் பதிவானது. பீட்டில்ஸ் நால்வரில் பால் மெக்கார்ட்னி மட்டுமே அதில் இருக்கிறார். வயலின் வகைக் கருவிகளை மூன்று நாள் கழித்துச் சேர்த்தார்கள். இசைத்தட்டில் பாட்டு ஒலிப்பது எஃப் சுருதியில். ஆனால் மெக்கார்ட்னியின் விரல்கள் பிடித்தது ஜி சுருதிக்கான கார்டுகளை. ஆறு கம்பிகளையும் ஒரு முழு சுரம் இறக்கி டியூன் செய்திருந்தார். எனக்குக் கிடைத்த தாளில் ஜி கார்டுகள் இருந்தன. கம்பிகளை இறக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை. அதனால் நான் வாசித்தது ஒரு முழு சுரம் மேலே நின்றது.

சரி என்று கம்பிகளை இறக்கினேன். தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி என்று வரும். சிடியில் உள்ள பாட்டோடு அழகாகச் சேர்ந்தது. ஆனால் அண்ணனின் கேசட்டோடு சேரவில்லை! அவர் வாசிப்பு எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் எங்கோ நின்றது.

இரண்டாவது முடிச்சு டேப் பிளேயரில் இருந்தது. கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பழைய பிளேயர்களில் இந்த வேகம் மாறிவிடுவது சகஜம். டேப் வேகமாக ஓடினால் பாட்டு சீக்கிரம் முடியும், சுருதியும் ஏறிவிடும்.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. அண்ணன் கடையில் வாங்கிய பீட்டில்ஸ் கேசட் ஒன்றிலும் இதே பாட்டு இருந்தது. அதை அதே பிளேயரில் ஓட்டிப் பதிவு செய்தேன். சிடியில் 120 நொடி எடுக்கும் பகுதி, கேசட்டில் 116 அரை நொடியில் முடிந்துவிட்டது. அதாவது பிளேயர் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 3 சதவீதம் என்பது இசையில் ஏறத்தாழ கால் சுரம். இரண்டு சுருதிகளுக்கு நடுவில் நின்றதன் காரணம் புரிந்துவிட்டது.

ஆடாசிட்டியின் எபெக்ட் மெனுவில் மூன்று கட்டளைகள் உள்ளன. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். வேறுபாடு இதுதான்.

சேஞ்ச் ஸ்பீட்: வேகம், சுருதி இரண்டும் சேர்ந்து மாறும். டேப் ஓடும் வேகத்தை மாற்றுவது போல. புதிய பதிப்புகளில் இதற்கு சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச் என்று பெயர்.

சேஞ்ச் டெம்போ: வேகம் மட்டும் மாறும். சுருதி அப்படியே இருக்கும்.

சேஞ்ச் பிட்ச்: சுருதி மட்டும் மாறும். வேகம் அப்படியே இருக்கும்.

எனக்கு வேண்டியது முதலாவது. பாட்டு முழுவதையும் செலக்ட் செய்து, சதவீதக் கட்டத்தில் மைனஸ் 3 என்று கொடுத்தேன். பிறகு அண்ணனின் முதல் கம்பி தனியாக ஒலிக்கும் ஓர் இடத்தை செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கொடுத்தேன். திரையில் மலைபோல் எழும் கோட்டின் உச்சியில் மவுஸை வைத்தால் அதிர்வெண்ணும் சுரத்தின் பெயரும் தெரியும். முன்பு 360 ஹெர்ட்ஸ் காட்டிய இடம் இப்போது 349 ஹெர்ட்ஸ் காட்டியது. அதுதான் எஃப். அண்ணனும் கம்பிகளை இறக்கித்தான் வாசித்திருக்கிறார். அந்தக் காலத்தில், இன்டர்நெட் இல்லாமல், காதால் மட்டும் கேட்டு அதைக் கண்டுபிடித்திருக்கிறார்!

அம்மாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். பாட்டுக்கு முன்னால் அண்ணன் பேசும் அந்த இரண்டு வரி வந்தது. அம்மாவுக்கு சதவீதமும் தெரியாது, ஹெர்ட்ஸும் தெரியாது. "இப்பத்தான்டா அவன் பேசுற மாதிரியே இருக்கு" என்றார். இத்தனை வருடமும் நாங்கள் கேட்டது அவருடைய சரியான குரலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பயிற்சிக்குச் சில வழிகள்

இனி கற்றுக்கொள்ளும் பகுதி. கம்பிகளை இறக்க விருப்பமில்லையா? நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பாட்டின் காப்பியை எடுத்து, சேஞ்ச் பிட்ச் மூலம் 2 செமிடோன் ஏற்றிவிடுங்கள். எஃப் சுருதிப் பாட்டு ஜி சுருதிக்கு வந்துவிடும். வழக்கமாக டியூன் செய்த கிட்டாரிலேயே கூட வாசிக்கலாம்.

கடினமான இடங்களுக்கு சேஞ்ச் டெம்போவில் மைனஸ் 30 கொடுங்கள். சுருதி மாறாமல் பாட்டு நிதானமாக நடக்கும். எனக்குத் தொல்லை கொடுத்தது எஃப் ஷார்ப் மைனர் 7 கார்டிலிருந்து பி 7, அங்கிருந்து இ மைனருக்குப் போகும் இடம். அந்தச் சில நொடிகளை மட்டும் செலக்ட் செய்து லூப் பட்டனைத் தட்டிவிட்டால், நிறுத்தும் வரை அதுவே திரும்பத் திரும்ப ஓடும். ரீவைண்டும் இல்லை, டேப் சிக்கும் பயமும் இல்லை.

இன்னொரு செய்தி. இந்தப் பாட்டில் ஒவ்வொரு சரணமும் 7 தாள வட்டங்கள் கொண்டது. பெரும்பாலான பாடல்களில் 8 வரும். நான் 8 என்று எண்ணிக்கொண்டு அடுத்த வரியில் தாமதமாக நுழைந்துகொண்டே இருந்தேன். திரையில் அலை வடிவத்தைப் பார்த்து எண்ணிய பிறகுதான் தவறு பிடிபட்டது.

கடைசியாக, உங்கள் வாசிப்பை நீங்களே பதிவு செய்து கேளுங்கள். ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்று ஒன்று உண்டு. தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். நான் நிமிடத்துக்கு 60 தட்டு என்று தொடங்கினேன். ஹெட்போனில் அதைக் கேட்டபடி வாசித்து மைக்கில் பதிவு செய்யுங்கள். ஸ்பீக்கரில் வைத்தால் தாளமும் மைக்கில் விழும். முதல் பதிவைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சுலபமான கார்டுகளில் ஓடுகிறேன், கடினமானவற்றில் நிற்கிறேன். வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது. ஒரு வாரம் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு தேதி போட்டு ஒரு போல்டர் வைத்து, வாரம் ஒரு பதிவாகச் சேர்த்தேன். நான்காவது மாதப் பதிவையும் முதல் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்து என்ன வாசிக்கலாம்?

பீட்டில்ஸ் பாடல்களில் கிட்டார் பழகுபவர்களுக்கு நிறைய விஷயம் இருக்கிறது. 1965-ல் வந்த 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் நம் நாட்டு சிதாரை வாசித்திருப்பார். கேப்போ என்ற கவ்வியை கிட்டாரின் 2-வது ஃப்ரெட்டில் மாட்டி டி கார்டிலிருந்து தொடங்கினால் இசைத்தட்டின் சுருதி வரும். 1969-ல் வந்த 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டுக்கு அதே கேப்போவை 7-வது ஃப்ரெட்டில் மாட்ட வேண்டும். 1968-ல் வந்த 'பிளாக்பேர்ட்' பாட்டில் கிட்டாரோடு கேட்கும் தட்டும் ஒலி, மெக்கார்ட்னி காலால் தாளம் போடுவது. நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கார்டு தாளில் இதெல்லாம் இருக்காது. காதில்தான் இருக்கிறது.

நான் இப்போது 'யெஸ்டர்டே' பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்கிறேன். டேப்பில் அழிந்துபோன அந்தக் கடைசிச் சில நொடிகளையும் வாசித்துத் தனியாகப் பதிவு செய்தேன். அதை அண்ணனின் பாட்டோடு ஒட்டுவது கம்ப்யூட்டரில் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஒட்டவில்லை. அவர் பைல் இரைச்சலோடு முடிகிறது. என் பைல் பக்கத்தில் தனிப் பெயரில் இருக்கிறது. அம்மா கேட்கும்போது அதை முதலில் போடுவேன், அடுத்து இதைப் போடுவேன்.

கிட்டாரை நாளைக்குக்கூடத் தொடங்கலாம். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய கேசட்டை மட்டும் இன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.