மன உளைச்சலும் மதுவடிமையும்

கல்லூரி நாட்களில் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர், பிற்காலத்தில் ஹெவ்லொக் டவுனில் எமது அயலவராகவும் வாழ்ந்தார். கந்தோர் வேலையின் பளு தீர மாலையிற் சிறிது சாராயம் என்று தொடங்கியவர், ஐம்பது வயது நிறையுமுன் ஈரல் பழுதுற்று மறைந்தார். மனவுறுதியற்றவர் என அன்று நாம் கூறிய தீர்ப்புப் பிழையானது என்பதை உணர்ந்தே இதனை எழுதுகின்றோம்.

மதுவடிமை ஒழுக்கக் குறைவன்று. அது ஒரு நோய். மது மூளையின் பரபரப்பைச் சில மணி நேரம் அடக்குகின்றது. நாள்தோறும் அவ்வாறு அடக்கப்படும் மூளை, அதற்கு ஈடாகத் தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்கின்றது. ஆகவே வெறி தெளிந்ததும் பதற்றம் முன்னிலும் மிகுகின்றது. அதைத் தணிக்க மீண்டும் குடிக்க நேர்கின்றது. உளைச்சலை ஆற்றவென அருந்தியதே அதனை வளர்த்துவிடுகின்றது.

எனவே மதுவை அகற்றினால் மட்டும் போதாது. அது நின்ற இடத்தில் வேறொன்றை வைத்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டு, குடியை விட்டுச் சில மாதங்களேயான பில் வில்சன் என்பவர், அமெரிக்காவின் அக்ரன் நகரில் வணிக முயற்சி தோல்வியுற்று ஹோட்டலொன்றில் தனித்து நின்றார். அங்கிருந்த மதுச்சாலை அவர் மனத்தை ஈர்த்தது. அவரோ தொலைபேசியை எடுத்து, தம்மைப்போற் குடியால் வருந்தும் ஒருவரைத் தேடினார். அவ்வாறு கிடைத்த அறுவை வைத்தியர் பொப் சிமித்துடன் உரையாடியதிலிருந்தே, இன்று பல நாடுகளிலும் இயங்கும் ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ பிறந்தது. சென்னையிலே, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய நிறுவனமும், நோயாளருடன் அவர்தம் குடும்பத்தாரையும் சேர்த்தே தேற்றுகின்றது.

குடிவேட்கை அலை போன்றது. எழுந்து உச்சமுற்று, பெரும்பாலும் அரைமணி நேரத்துள் தணியும். அவ்வரைமணியை ஹெவ்லொக் வீதியில் நடந்தோ, மூச்சைச் சீராக்கியோ, நண்பருடன் பேசியோ கழித்தல் கூடும். ஆயின் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் உண்டாகி, உயிருக்கே தீங்கு நேரலாம். அத்தகையோர் வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்தல் வேண்டும். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை வழங்குகின்றது.

பழைய மாணவ அன்பர்களே, ஒன்றுகூடல்களுக்கு வாராது ஒதுங்கிவிட்ட வகுப்புத் தோழர் உங்களுக்கும் இருத்தல் கூடும். இன்று மாலையே அவரை அழைத்துப் பேசுங்கள். அடுத்த வீட்டிலிருந்தும் எம் நண்பரை நாம் ஒருநாளேனும் அவ்வாறு அழைத்தோமில்லை.