பூந்தோட்டத்துக்கு அடியில் விஷக் குண்டுகள்!

அமெரிக்க நாட்டின் தலைநகரம் வாஷிங்டன். அந்த நகரின் வடமேற்குப் பக்கத்தில் "ஸ்பிரிங் வாலி" என்று ஒரு பகுதி இருக்கிறது. பணக்காரர்கள் வசிக்கும் இடம். பெரிய பெரிய பங்களாக்கள். வீட்டைச் சுற்றிப் புல்வெளி, பூச்செடி, நிழல் தரும் மரங்கள். பல நாட்டுத் தூதர்களும் அங்கே குடியிருக்கிறார்கள்.

1993-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, அங்கே குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்த இரும்பு ஒன்று மேலே வந்தது. உற்றுப் பார்த்தால், பீரங்கிக் குண்டு!

ஒன்று இரண்டு அல்ல. ராணுவத்தார் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கிளப்பி வெளியே அனுப்பினார்கள். அந்த ஒரே குழியிலிருந்து 141 உருப்படிகளை எடுத்தார்கள். அவற்றில் பல, விஷம் அடைத்த குண்டுகளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள்.

எப்படி வந்தன?

தலைநகரத்தில், தூதர்கள் வாழும் தெருவில், விஷக் குண்டு எப்படி வந்தது?

கதை 1917-ல் தொடங்குகிறது. முதல் உலக யுத்தம் நடந்த நேரம். ஐரோப்பாவில் போர்க்களத்தில் விஷ வாயு வீசினார்கள். அமெரிக்காவும் விஷ வாயு ஆராய்ச்சியில் இறங்கியது. அங்கே இருந்த "அமெரிக்கன் யூனிவர்சிட்டி" என்ற கல்லூரியின் நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. அப்போது அது ஊருக்கு ஒதுக்குப்புறம். விஞ்ஞானிகள் பலவகை விஷங்களைக் காய்ச்சினார்கள். நாய்கள் மீதும் ஆடுகள் மீதும் சோதித்தார்கள். குண்டில் அடைத்துச் சுட்டும் பார்த்தார்கள்.

1918-ல் யுத்தம் முடிந்தது. மிச்சம் கிடந்ததில் ஒரு பகுதியைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று சரியான குறிப்பு இல்லை!

பிறகு நகரம் வளர்ந்தது. ஆராய்ச்சி நடந்த 661 ஏக்கரில், இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் புல்தரைக்கு அடியில் விஷம் உறங்குவது யாருக்கும் தெரியாது.

"தேடி முடித்துவிட்டோம்"

முதல் குழி அகப்பட்டதும் ராணுவ இன்ஜினீயர்கள் கருவிகளோடு வந்தார்கள். 400-க்கு மேற்பட்ட மனைகளைச் சோதித்தார்கள். இரண்டு ஆண்டு வேலை. 1995-ம் ஆண்டில், "இனி இங்கே செய்ய வேண்டியது எதுவும் இல்லை" என்று எழுதி, கோப்பைக் கட்டிவிட்டார்கள்.

ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறு வருடமே, யூனிவர்சிட்டித் தலைவரின் வீட்டுத் தோட்டத்தில் மரம் நடக் குழி தோண்டினார்கள். கடப்பாரை இறங்கியதும் குப்பென்று ஒரு நெடி! வேலைக்காரர்களுக்குக் கண் எரிந்தது. மண்ணில் உடைந்த கண்ணாடிப் பாத்திரங்கள் கிடந்தன.

ராணுவத்தார் சொன்னதை வாஷிங்டன் நகர அதிகாரிகள் அப்படியே ஏற்கவில்லை. பழைய படங்களையும் தாள்களையும் தாங்களே எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அப்படிக் கேட்பவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் அவர்கள் கேட்டிராவிட்டால் அடுத்த சங்கதி வெளிவந்திருக்காது.

ராணுவத்தார் தங்கள் கணக்கை மறுபடியும் பார்த்தார்கள். தவறு தெரிந்தது. பழைய படத்தில் குழி போலத் தெரிந்த ஓர் இடத்தை, வரைபடத்தில் சுமார் 150 அடி தள்ளிக் குறித்திருந்தார்கள்!

150 அடி என்றால், ஒரு மனைக்குப் பதில் அடுத்த மனை. கருவி நல்ல கருவிதான். ஆனால் அது போகவேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

1998-ல் மீண்டும் கருவியோடு வந்தார்கள். இந்தத் தடவை தென் கொரியத் தூதரின் மாளிகைத் தோட்டம். தரைக்கு அடியில் இரண்டு பெரிய இரும்புக் குவியல்கள் தெரிந்தன. தோண்டியபோது, நூற்றுக்கணக்கான உருப்படிகள் வெளியே வந்தன. அவற்றில் விஷக் குண்டுகளும் இருந்தன.

சால் விட்டுப்போனால்...

மண்ணுக்குள் கிடக்கும் இரும்பை மேலே நின்று எப்படிப் பார்க்கிறார்கள்?

இரண்டு சக்கரம் வைத்த சிறு வண்டி. அதன் மேல் தட்டையான ஒரு சட்டம். அதற்குள் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்துவார்கள். அடியில் உலோகம் இருந்தால், அதில் ஒரு சிறு மின்னோட்டம் எழுந்து மறையும். அந்தச் சலனத்தைச் சுருள் கண்டுபிடிக்கும். காந்தத்தால் வேலை செய்யும் கருவிகளும் உண்டு.

ஆனால் இந்தக் கருவிகளுக்குக் "கிட்டப் பார்வை"தான்! குண்டு எவ்வளவு பருமனோ, அதைப் போல 11 மடங்கு ஆழம் வரை தெரியும் என்பது நிபுணர்களின் தோராயக் கணக்கு. 75 மில்லிமீட்டர் குண்டு என்றால், மூன்று அடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குக் கீழே இருந்தால் அகப்படுவது கஷ்டம். பக்கவாட்டில் விலகினாலும் அப்படித்தான். காந்தக் கருவியில், குண்டு இருக்கும் தூரம் இரு மடங்கானால் கிடைக்கும் சமிக்ஞை எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆகையால் வண்டி போகும் தடங்கள் நெருக்கமாக இருக்கவேண்டும். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். ஏர் ஓட்டும்போது இரண்டு சாலுக்கு நடுவே இடைவெளி விட்டால், அந்தத் துண்டு உழாமலே கிடக்கும். உழவில் விட்டால் களைதான் முளைக்கும். இங்கே விட்டால்?

முன்பெல்லாம் ஓர் ஆள் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பான். சத்தம் கேட்ட இடத்தில் சிறு கொடி நடுவான். கொடி இருந்த இடம் தெரியும். அவன் எங்கெங்கே நடந்தான், எங்கே நடக்கவில்லை என்பது தெரியாது. அவன் சொல்வதுதான் சாட்சி.

இப்போது வண்டி போகும் வழியெல்லாம் பதிவாகிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு, வண்டி இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். மர நிழலில் அந்தக் கோள்களின் சமிக்ஞை சரியாக எட்டாது. அங்கே முக்காலியில் வைத்த லேசர் கருவி வண்டியைக் கண்காணிக்கிறது.

மாலையில் கம்ப்யூட்டரில் படம் போடுவார்கள். சுருள் கடந்த அகலமெல்லாம் வண்ணம். கடக்காத இடம் வெள்ளை. ஒவ்வொரு வெள்ளைத் துண்டுக்கும் பதில் சொல்லவேண்டும். மரமா? சுவரா? நிறுத்தி வைத்த மோட்டார் காரா? ஒன்றும் இல்லையென்றால், மறுநாள் போய் அந்தத் துண்டை மட்டும் மீண்டும் உழவேண்டும். வேகமாக இழுத்துக்கொண்டு ஓடினாலும் படத்தில் பிடிபட்டுவிடும். புள்ளிகள் விலகி விலகி விழும்.

தோட்டக்காரர்களுக்கு இது சங்கடம். ஆசையாக வளர்த்த செடிகளை அகற்றினால்தான் வண்டி போகும். ஸ்பிரிங் வாலியில் பல வருடம் கழித்து மீண்டும் சுமார் 90 வீடுகளைச் சோதித்தபோது, செடிகளைப் பற்றி வீட்டுக்காரர்களோடு தனித்தனியே பேசவேண்டி வந்தது.

குழாய்த் துண்டுப் பரீட்சை

வரைபடம் முழுவதும் வண்ணம் நிறைந்துவிட்டது. அது மட்டும் போதுமா? போதாது. கருவி சரியாக வேலை செய்ததா? இடக்கணக்கு சரியா? 150 அடித் தவறு மீண்டும் வராது என்பதற்கு என்ன ஜாமீன்?

இதற்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். தேடும் கூட்டம் வருவதற்கு முன், வேறு ஒரு கூட்டம் வரும். அங்கங்கே இரும்புத் துண்டுகளைப் புதைத்து, இடத்தை அளந்து எழுதிக்கொண்டு போய்விடும். புதைப்பது வேறு ஒன்றும் அல்ல. தண்ணீர்க் குழாய் இணைக்கும் கடைச் சரக்கு! ஒரு அங்குலப் பருமன், நாலு அங்குல நீளம். சிறு குண்டு ஒன்று கருவிக்கு எப்படித் தெரியுமோ, ஏறக்குறைய அப்படியே இதுவும் தெரியும்.

தேடுகிறவர்களுக்கு இடம் சொல்லமாட்டார்கள். அவர்கள் படம் கொடுத்ததும், ரகசியக் குறிப்போடு ஒப்பிடுவார்கள். ஒரு துண்டு தப்பினாலும், அல்லது தள்ளி விழுந்திருந்தாலும், ஏன் என்று கண்டுபிடிக்கவேண்டும். வேண்டுமானால் அந்தப் பகுதி முழுவதும் மறுபடியும் வண்டி ஓட்டவேண்டும்.

செலவு அதிகம்தான். ஆனால் தூதர் மாளிகைக்கு அடுத்த மனையின் கதையைப் பாருங்கள். அதற்கடியிலும் விஷம் இருந்தது. வீடு இருக்கும்போது அதன் அடியில் முழுவதும் தேட வழியில்லை. 2012-ம் ஆண்டில் அந்தப் பெரிய வீட்டையே இடித்தார்கள். மனையின் மேல் கூடாரம் போட்டு, உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாமல் வடிகட்டி, முகமூடி போட்ட ஆட்கள் பல ஆண்டுகள் மண்ணை அள்ளினார்கள்.

அக்கம்பக்கத்தில் 100-க்கு மேற்பட்ட வீடுகளில், பாஷாணம் கலந்த மேல் மண்ணை வெட்டி எடுத்து, புது மண் கொட்டி, திரும்பவும் புல் நட்டுக் கொடுத்தார்கள்.