சூரியன் சாய்ந்த பிறகு யார் மின்சாரம் தருவது?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு ஹூவர் அணையிலிருந்து 1936 முதல் மின்சாரம் வருகிறது. புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆனாலும் கலிஃபோர்னியாவின் புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கணக்கில் அந்த யூனிட்டுகளுக்கு இடமில்லை. 30 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. பழைய அணையைக் காட்டித் தப்பிக்காமல் புதிதாகக் காற்றாலையும் சூரியப் பூங்காவும் வரட்டும் என்ற கறார்தான்.

அந்நகரில் குடிநீர், மின்சாரம் இரண்டையும் மாநகராட்சியின் ஒரே துறை வழங்குகிறது. ஏறக்குறைய 40 லட்சம் மக்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய நகராட்சி மின் நிறுவனம் இதுவே. விற்கும் மின்சாரத்தில் 33 சதவீதம் 2020-க்குள் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2011-ல் வந்த சட்டம் இத்தகைய நிறுவனங்களையும் கட்டிப்போட்டது. 2018-ல் அது 2030-க்குள் 60 சதவீதம் என்று உயர்ந்தது. 2045-ல் எல்லாமே கார்பன் இல்லாததாக வேண்டும். அந்தக் கணக்கில் ஹூவருக்கும் இடம் உண்டு!

கம்பியில் கலந்துவிட்ட மின்சாரத்தில் எது காற்றாலையினுடையது, எது நிலக்கரியினுடையது என்று பிரித்தறிய வழியே கிடையாது. அதனால் உற்பத்தியாகும் ஒவ்வோர் 1,000 யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ் பதிவாகிறது. ஒருமுறை கணக்கில் காட்டிவிட்டால் அது ரத்து. இன்னொருவர் காட்ட முடியாது. மின்சாரத்தை விட்டுவிட்டுச் சான்றிதழை மட்டும் வாங்குவோரும் உண்டு. அப்படி வாங்குவது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அவசியமான கடிவாளம்.

ஆனால் இந்தக் கடிவாளத்துக்கு அகப்படாத ஒன்று இருக்கிறது: நேரம். சட்டம் சில ஆண்டுகளின் யூனிட்டுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்க்கிறது. மின்கட்டமைப்புக்கோ அந்தந்த நொடியில் உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தாக வேண்டும். பிசகினால் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆட்டம் காணும். நண்பகலில் வாங்கிக் குவித்த சூரிய மின்சாரம் சதவீதத்தை உயர்த்தும். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் ஏ.சி.யைப் போடும் இரவு எட்டு மணிக்கு அது உதவாது.

அதனால்தான் 2019-ல் நகரம் ஒப்புதல் தந்த 25 ஆண்டு ஒப்பந்தம் பேசப்பட்டது. மொஹாவி பாலைவனத்தில், கெர்ன் மாவட்டத்தில் ஈலாண்ட் திட்டம்: 400 மெகாவாட் சூரியத் தகடுகள், கூடவே 300 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரவல்ல லித்தியம் பேட்டரிகள். அதாவது 12 லட்சம் யூனிட் சேமிப்பு. அண்டை நகரமான க்ளெண்டேலும் இதில் சிறு பங்குதாரர். ஒப்பந்தத்தின்போது சொன்ன விலையைப் பாருங்கள்: சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 2 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு, சேமிப்புக்கு 1.3 சென்ட். மொத்தம் 3.3 சென்ட், அன்றைய மாற்று மதிப்பில் சுமார் இரண்டே கால் ரூபாய். மத்திய அரசின் வரிச்சலுகையும் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் விலையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, பகலை இரவுக்கு நகர்த்துவதற்கான கூலி. 2025-ல் திட்டம் முழுமையாக இயங்கத் தொடங்கியது. நகரின் மின்சாரத்தில் சுமார் 7 சதவீதத்தை இது தரும் என்பது துறையின் மதிப்பீடு.

பேட்டரிக்கு முன்பே நகரத்திடம் இன்னொரு சேமிப்பு இருந்தது. காஸ்டெய்க்கில், நம் காடம்பாறையில் செய்வதைப் போல, மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கிச் சுழலிகளை ஓட்டுகிறார்கள். எழுபதுகளில் கட்டிய அந்த நிலையத்தின் திறன் 1,200 மெகாவாட்டுக்கு மேல். இதற்கெல்லாம் பிறகும் கடலோர எரிவாயு நிலையங்களின் தயவு இல்லாமல் நகரத்தால் சமாளிக்க முடியவில்லை.

எத்தனை சதவீதம் பசுமை என்று ஒரு நகரம் அறிவிக்கும்போது, எத்தனை மணிக்கு என்றும் கேட்க வேண்டும். சான்றிதழில் உற்பத்தியான மணி நேரத்தையும் பொறித்து, அந்த மணி நேரத் தேவைக்கே வரவு வைக்கும் விதி வந்தால் ஈலாண்ட் போன்ற திட்டங்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கும். வெறும் நண்பகல் யூனிட்டுக்கும் அதே மதிப்பெண் கொடுப்பது நியாயமில்லை.